பொதுச்சுவருக்கு என்ன பூச்சு

மே 4, திங்கள்

காலை ஏழுக்கே வெயில். மூன்று வாரமாக ஒரு தூறல் இல்லை. செலியமேட்டு வீட்டில் பூச்சு வேலை மட்டும் பாக்கி. அப்பா பிரித்துக் கொடுத்த வீடு. முன்பாதி அண்ணனுக்கு, பின்பாதி எனக்கு, நடுவில் பொதுச்சுவர். வேலையில் இருந்தவரை டவுனில் வாடகை வீடு. ஓய்வு பெற்றாயிற்று, இனி இங்கேதான்.

பூச்சு முடிந்ததும் பொதுச்சுவரை ஒட்டி மர அலமாரி வரும். அதில் முப்பத்தைந்து வருட நிருபர் வேலையின் குறிப்பு நோட்டுகள். வேறு பிரதி கிடையாது.

முடிவு செய்ய வேண்டியது:
- வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சு. கூழாங்கல்லால் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவது.
- சொரசொரப்பான டெக்ஸ்சர். உருளையால் ஒற்றி எடுப்பது.

மே 5, செவ்வாய்

மூன்று பேரைத் தனித்தனியாகக் கேட்டேன். பழைய பழக்கம். ஒரே பதில் மூன்று இடத்தில் கிடைத்தால் அச்சுக்கு அனுப்பலாம்.

மேஸ்திரி ஆறுமுகம்: "டெக்ஸ்சரே போடு சார். இப்ப எல்லா வூட்லயும் அதான்."

வில்லியனூர் பெயிண்ட் கடைக்காரர்: "பழைய சுவருக்கு வழவழப்பு ஒத்துக்காது சார். டெக்ஸ்சர்தான்."

எதிர்வீட்டு வாத்தியார்: "டெக்ஸ்சர்னா ஒரு கெத்து இருக்குது இல்ல?"

மாலை அண்ணன் வந்தார். "ஒன் வூடு, ஒன் இஷ்டம்டா. நா வாயே தொறக்க மாட்டேன்." பெருந்தன்மை என்று நினைத்தேன்.

கமலா மட்டும் எதிர்க்கட்சி. "ஊரையே கேட்டீங்களே, கட்டிக்கிட்டு வந்தவள கேட்டீங்களா? அந்தக் குழியில சேர்ற தூசிய இன்னாத்தால எடுக்கறது, காதுகுடையற குச்சியாலயா?"

ஒன்றுக்கு மூன்று. டெக்ஸ்சர்.

மே 7, வியாழன்

பழைய பூச்சின் மேலேயே போட்டுவிடலாம் என்றார் ஆறுமுகம். நான் ஒப்பவில்லை. இடது மூலையில், முழங்கால் உயரத்தில், தட்டினால் பொள்ளென்று சத்தம். கொத்தச் சொன்னேன்.

செங்கல் கறுத்து ஈரம். ஓதம் ஏறி உப்பு பூத்திருந்தது. மே மாதத்தில்! குனிந்து மோந்து பார்த்தேன். குளிக்கிற சோப்பு வாசனை.

அந்தப் பக்கம் அண்ணனின் புதுக் குளியலறை.

"இன்னா ஆறுமுகம் இது?"

கரணையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பைப்பு ஒழுவுது சார். சரி பண்ணணும்னா புது டைல்ஸ பேத்தெடுக்கணும். டெக்ஸ்சர் போட்டா ஓதம் தெரியாது, தம்பிய அதுக்குச் சம்மதிக்க வையின்னு ஒங்க அண்ணந்தான் சொன்னாரு."

"கடைக்காரர்?"

"அவருக்கும் போன் போட்டாரு."

"வாத்தியார்?"

"அவரு தெனம் ஒங்க அண்ணன் வூட்லதான சார் டீ குடிக்கிறாரு."

மூன்று பேர் இல்லை. ஒரே ஆள், மூன்று வாய். "உங்களுக்கு யார் சொன்னது?" என்ற கேள்வியை எந்த அலுவலகத்திலும் கேட்காமல் எழுந்ததில்லை. சொந்த வீட்டில் கேட்கவில்லை.

இந்த விஷயம் அண்ணன் காதுக்குப் போகக் கூடாது என்று ஆறுமுகத்திடம் சொன்னேன்.

மே 8, வெள்ளி

வேலை ஓடவில்லை. பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

ஓதம் மனதில் இல்லை. அலமாரிக்கு அளவு எடுத்த நாள்தான். டேப்பின் மறுமுனையை அந்த மூலையில் அழுத்திப் பிடித்திருந்தது அண்ணன். "நோட்டெல்லாம் இங்கதான வைக்கப் போற?" என்றுகூடக் கேட்டார்.

கமலா: "போய் நாலு வார்த்த கேளுங்க. ஊருக்கெல்லாம் கேள்வி கேட்டவருதான?"

போகவில்லை. ஆறுமுகத்திடம், டெக்ஸ்சர் வேண்டாம், சுண்ணாம்பு என்றேன்.

"சார், ரெண்டே மாசத்துல கறை காட்டிக் குடுத்துடும்."

"காட்டட்டும்."

அலமாரி எதிர்ச்சுவருக்கு.

மே 16, சனி

தேய்த்து முடித்தாயிற்று. முழுச்சுவரும் ஒரே வெள்ளை. கறை இன்னும் இல்லை. கமலா சுவரின் பளபளப்பில் தன் பிம்பத்தைப் பார்த்துத் தலையைச் சரிசெய்துகொண்டாள்.

மாலை 5. அண்ணன். வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"டெக்ஸ்சர் போடலியாடா?"

"இல்லண்ணா."

"நல்லாதான் கீது."

பன்னிரண்டடிச் சுவர். நேராக இடது மூலைக்கு நடந்தார். குனிந்து, முழங்கால் உயரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

ஓதம் என்ற வார்த்தையை நான் அவரிடம் சொல்லவே இல்லை.