காயாத சுவருக்குப் பெயின்ட் இல்லை

இன்று காலை இரும்பு அலமாரியின் அடித்தட்டை டெட்டோல் போட்டுத் துடைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்யக் கையை முகத்தருகே கொண்டுபோனேன். உன் வாசம். நீ தோட்டத்து மிட்வைஃபாக இருந்த காலமெல்லாம் உன் சேலையிலும் பையிலும், ஞாயிறு பூசையில் என் பக்கத்து இருக்கையிலும் இருந்த வாசம். எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. இத்தனை வேலை கிடக்கும்போது செத்துப்போயிருக்கிறாயே என்று.

நீ அறியாத செய்தி: இந்த மழையில் பதுளு ஓயா கரை மீறி என் வீட்டுக்குள் வந்துவிட்டது. முன்னறை ஜன்னல் கட்டைவரை நின்றது. மேட்டிலுள்ள தேவாலய மண்டபத்தில் நானும் தெருவாரும் தங்கியிருந்தோம். தண்ணீர் வடிந்து திரும்பியபோது வாசலிலிருந்தே கம்பால் தட்டித் தட்டித்தான் உள்ளே போனேன். இது டீச்சர் வீடு என்று பாம்புக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் உதவி செய்வதாக நினைத்து, வெளிச்சத்துக்காக மெயின் சுவிட்சில் கை வைக்கப் போனார். "கையை எடுங்க" என்றேன். மின்சார வேலை தெரிந்தவர் வந்து ஒவ்வொரு பிளக்கையும் திறந்து பார்க்கும்வரை மெழுகுவர்த்திதான்.

காலில் ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தேன். அது உன்னால். முன்பு ஒருமுறை என் கொல்லைப்புறம் மட்டும் முழங்கால் அளவுக்கு முழுகியபோது, நீ ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் வந்து இறங்கினாய். செருப்பில்லாமல் சேற்றில் நின்ற என்னைப் பார்த்து வாசலிலேயே தொடங்கினாய். "அடியே டீச்சரம்மா, பித்தவெடிப்புக் காலோட சேத்துல எறங்கியிருக்கியே, எலிக்காய்ச்சல் வந்தா என்ன செய்வ? ஒன் சவப்பெட்டிக்கு நான் மெழுகுவர்த்தி ஏத்தமாட்டேன், சொல்லிட்டேன்."

"என் பெட்டிப் பக்கம் உன்னை யார் விடப் போறது?" என்றேன் நான்.

கடைசியில் உனக்குத்தான் நான் ஏற்றினேன். நேராக நிறுத்தினேன். நீயாக இருந்தால் சாய்த்து வைத்திருப்பாய்.

பாடசாலையில் நான் படிப்பித்த மனைப்பொருளியலை நீ ஒரு பாடமாகவே மதித்ததில்லை. "சோறாக்குறதுக்கு ஒரு டிகிரி" என்பாய். இந்தத் தெருவுக்கு இந்த மாதம் அதுதான் கைகொடுத்தது. சேறு ஈரமாக இருக்கும்போதே அள்ள வேண்டும். காய்ந்தால் சிமெந்து மாதிரி பிடித்துக்கொள்ளும். வீட்டுக்குள் மட்டும் அள்ளிவிட்டு வெளியே சுவரோரம் குவித்து வைக்கவும் கூடாது. ஒரு பக்கப் பாரம் நனைந்த சுவரைச் சாய்த்துவிடும். பிறகுதான் மேலிருந்து கீழாகக் கழுவல், அதற்குப் பிறகு பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர். கழிவறை கழுவும் அசிட்டையும் அதையும் ஒரே வாளியில் கலந்த ஒருத்தியை நான் போட்ட சத்தத்தில் தெருவே வெளியே வந்து பார்த்தது. அந்தப் புகை நெஞ்சை அடைத்துவிடும். மெத்தை, தலையணை, நனைந்த அரிசி மூட்டை எல்லாம் குப்பைக்குப் போயின. "மேல் பாதி காஞ்சுதானே இருக்கு" என்று அரிசிக்கு அழுதவளுக்கு எனக்குக் கிடைத்த நிவாரண அரிசியில் பாதியைக் கொடுத்தேன், அந்த மூட்டையைக் கொடுக்கவில்லை. மர அலமாரியை வெயிலில் வைக்காமல் நிழலில் கதவு திறந்து வைத்தேன். கிணற்றை இறைத்துக் குளோரின் போட்ட பிறகும் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடித்தோம்.

இவ்வளவும் செய்தது வீட்டின் மேல் உள்ள ஆசைக்காக மட்டுமல்ல. உன் மகள் ரீட்டாவுக்காக.

தோட்டத்தில் அவள் குடியிருக்கும் லய வரிசைக்கு மேலே மலை வெடித்திருக்கிறது, ஒரு ஆள் கால் வைத்தால் உள்ளே போகும் அளவுக்கு. புருஷன் கொழும்பில் வேலை. கைக்குழந்தையோடு பாடசாலை மண்டபத்தில் பாயில் கிடந்தாள். பாடசாலை திறக்கப் போகிறது, மழையும் விட்டுவிட்டது, எல்லோரும் லயத்துக்குத் திரும்புங்கள் என்று தோட்ட நிர்வாகத்தார் சொல்லிவிட்டார்கள். வெடிப்பைப் பார்க்க யாரும் வரவில்லை. பூனாகலைப் பக்கம் மண் சரிந்த செய்தி கேட்ட வருடம் நீ எனக்குச் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது: "தண்ணி வந்துட்டுப் போன வீட்டுக்குத் திரும்பலாம். மண்ணு வாயத் தொறந்த எடத்துக்குத் திரும்பக் கூடாது." ரீட்டாவிடம் போனேன். நடுஅறை காய்ந்ததும் உனக்கு, அதுவரை தேவாலய மண்டபத்தில் இரு என்றேன். "ஒங்களுக்கு எதுக்கு பெரியம்மா சிரமம்?" என்றாள். "சிரமம் எனக்கு. நீ பிள்ளையைப் பாரு."

என் மகன் சேவியரோ வேறு கணக்குப் போட்டிருந்தான். தேவாலய மண்டபத்தில் நான் குளிரில் படுத்திருந்தபோது தொலைபேசியில், வீட்டை விற்றுவிட்டு கொழும்புக்கு வாங்க என்றான். "பார்ப்போம்" என்றேன். பெற்றவள் 'பார்ப்போம்' என்றால் பிள்ளைகளுக்கு அது சம்மதம். மறுவாரமே பெயின்ட் அடிக்க இரண்டு பேரை அனுப்பிவிட்டு அழைத்தான்.

"ஞாயித்துக்கிழமை வீட்டைப் பார்க்க ஆள் வர்றாங்கம்மா. ரெண்டு கோட் அடிச்சிட்டா ஒன்னும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

"உங்களை யாரும்மா கேக்கப் போறா?"

வந்த இருவருக்கும் தேநீர் கொடுத்தேன். பெயின்ட் வேலை இல்லை, சுரண்டுகிற வேலை இருக்கிறது என்றேன். "எங்களுக்கு எல்லாம் ஒன்னுதான் டீச்சர், நாள் சம்பளம்" என்றார் மூத்தவர். ஊறிப் பொருமிய பூச்சை, தண்ணீர் நின்ற கோட்டுக்கு மேல்வரை சுரண்டி எடுத்தார்கள். செங்கல் தெரிந்தது. வெறும் செங்கல் தெரியும் வீட்டில் நான் விருந்தாளியை உட்கார வைத்ததில்லை என்பது உனக்குத் தெரியும். என் சிவப்புத் தரையில் நீ ஈரக் குடையை மடக்கியதற்கே இரண்டு நாள் பேசாமல் இருந்தவள் நான். இருந்தாலும் நனைந்த சுவரைப் பெயின்டால் மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும், பூஞ்சை பிடிக்கும், பச்சைப் பிள்ளைக்கு மூச்சு இழுப்பு வரும். கதவு ஜன்னல் எல்லாம் திறந்து போட்டேன். ஒவ்வொரு சுவரிலும் சோறு கட்டுகிற பிளாஸ்டிக் லன்ச் ஷீட் ஒன்றை வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டினேன். மறுநாள் அதன் உள்பக்கம் தண்ணீர் முத்து முத்தாகப் பூத்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை என்று பொருள்.

சனிக்கிழமை சேவியர் வந்து வாசலில் நின்று பார்த்தான். "என்னம்மா இது, செவுத்துக்கெல்லாம் சோத்துப் பார்சல் கட்டி வச்சிருக்கீங்க?"

"அதுக்குப் பசி இல்லை. நிறையத் தண்ணி குடிச்சிருக்கு."

அவன் சிரிக்கவில்லை. நீ சிரித்திருப்பாய்.

ஞாயிறன்று பண்டாரவளையிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். சேவியர் வீட்டுத் தோட்டத்தையும் காற்றையும் பற்றிப் பேசிக்கொண்டே அவர்களைச் சமையலறைப் பக்கம் நடத்தினான். நான் குறுக்கே நின்று, ஓயா எதுவரை வந்தது என்பதைக் கையால் காட்டினேன்.

"பெயின்ட் அடிச்சா போயிரும்தானே?" என்றார் கணவர்.

"கோடு போயிரும். ஈரம் போகாது. வெயிலைப் பொறுத்து, ஒரு அறைக்கு வாரக்கணக்கில், இன்னொன்னுக்கு மாசக்கணக்கில் ஆகும்." ஒரு லன்ச் ஷீட்டை உரித்து நீட்டினேன். நீர்த்துளிகள் அவர் கால் சப்பாத்தில் விழுந்தன.

தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். அந்தப் பெண் வாசல் படலையருகே நின்று, "உள்ளதைச் சொன்னீங்களே டீச்சர்" என்று என் கையைப் பிடித்துவிட்டுப் போனாள்.

"இனிமே யாரும்மா வருவா?" என்றான் சேவியர்.

"ரீட்டா வருவா."

கோபத்தோடுதான் கொழும்புக்குப் போனான். அடுத்த வெள்ளத்துக்குக் கூப்பிடாதீங்க என்றான். கூப்பிடமாட்டேன். வீட்டு உறுதிப் பத்திரம், அடையாள அட்டை, மாத்திரைகள் எல்லாம் தண்ணீர் புகாத பையில் கட்டி ஆணியில் தொங்குகின்றன. ஓயா நிறம் மாறியதும் மேட்டுக்கு ஏறிவிடுவேன். போகத் தெரிந்தவளுக்குத் திரும்பி வரவும் தெரியும்.

நடுஅறை ஷீட் இரண்டு நாள் தொடர்ந்து காய்ந்திருந்த பிறகுதான் ரீட்டாவை அழைத்தேன். குழந்தை இப்போது உள்ளே தூங்குகிறது. உன் மூக்கு அதற்கு, பாவம்.

நேற்று தோட்ட நிர்வாகத்திலிருந்து ஒருவர் படலைக்கு வந்தார். ரீட்டா வேலைக்குத் திரும்ப வேண்டும், லயத்துக்கும் திரும்ப வேண்டும் என்றார்.

"வேலைக்கு இங்கேயிருந்து பஸ்ஸில் வருவா. லயத்துக்கு வரமாட்டா."

"லயம் பத்திரமாத்தான் இருக்கு டீச்சர். நீங்க சும்மா அவங்களப் பயமுறுத்துறீங்க."

"அப்படியா? உங்க பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்து ஒரு மழைக்கு அங்கே படுங்க. பிறகு நானே அவளைக் கொண்டுவந்து விடுறேன்."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு படலையைப் பார்த்தார். "நீங்க சொன்னதை மேல சொல்றேன்" என்று போய்விட்டார். இன்னொருவரை அனுப்பலாம். அனுப்பட்டும்.

நாம் படித்த கொன்வென்ட் விடுதியில் யாரோ உடைத்த கூஜாவுக்கு நீ மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று இரவுச் சாப்பாடு முழுவதும் உன்னை முழங்காலில் வைத்தது நினைவிருக்கிறதா? "செய்யாததுக்கு ஸாரி சொல்லமாட்டேன்" என்று ஒரே சொல்லில் நின்றாய். நடத்தைக்குப் பரிசு வாங்கிய நான், பக்கத்துக் கட்டில்காரியான எனக்கும் தலைகுனிவு என்று உன்மேல் எரிச்சலோடு சோறு தின்றுகொண்டிருந்தேன். பெண் பிள்ளைக்கு இவ்வளவு பிடிவாதம் ஆகாது என்று உன்னிடமே சொன்னேன். "ஒனக்கும் ஒருநா வேண்டிவரும், அப்ப கேளு, தாறேன்" என்றாய்.

நான் கேட்கவில்லை. கேட்காமலே எடுத்துக்கொண்டேன். திருப்பித் தருவதாகவும் இல்லை.