திருவுளச்சீட்டில் விழுந்த மிஷின் படிப்பு

அனுப்புநர்:
வியாகுலமேரி, க/பெ அந்தோணிமுத்து,
மாதா கோயில் தெரு, ஆவூர், குளத்தூர் தாலுகா.

பெறுநர்:
தேர்வு அதிகாரி அவர்கள்,
கணக்கு மிஷின் பயிற்சி நிலையம், திருச்சிராப்பள்ளி.

பொருள்: என் மகளைக் கணக்கு மிஷின் பயிற்சியிலிருந்து நீக்கி டைப் பயிற்சியில் சேர்த்தது குறித்த புகார்.

கனம் ஐயா அவர்களுக்கு,

1. சென்ற ஞாயிறு பூசைக்குப்பின் எங்கள் வீட்டு மாதா சுரூபத்தின் முன் இருந்தவர்கள்: நான், என் கணவர், எஸ்.எஸ்.எல்.சி. தேறிய மகள் ஞானசெல்வி, புதுக்கோட்டையில் டைப் இன்ஸ்டிடியூட் நடத்தும் கொழுந்தனார் சூசைராஜ், திருவுளச்சீட்டு எடுத்த கோயில் உபதேசியார் மைக்கேல்சாமி. வேறு எவரும் இல்லை.

2. தங்கள் நிலையத்தில் இரண்டு பயிற்சிக்கும் மகள் தேர்வானாள்; ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றார்கள். டைப் தெரிந்தவர்க்கு எந்த ஊர் ஆபீசிலும் நாற்காலி உண்டு, மிஷின் புதுமோகம், நாளை வேறொன்று வரும் என்பது கொழுந்தனார் கட்சி. அதில் பொய்யில்லை. ஆனால் தேர்வன்று தங்கள் நிலையத்தில் நான் அந்த மிஷினைக் கண்ணால் பார்த்துவிட்டேன் ஐயா! துளைபோட்ட அட்டைகளை விழுங்கிச் சம்பளக் கணக்குப் போட்டது. பலகையில் கம்பிகளை மாற்றிச் செருகியதும் அதே மிஷின் சரக்கு இருப்பைக் கூட்டியது! எதை முதலில் கூட்டுவது, எதைக் கழிப்பது என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பதே படிப்பாம். நான் பள்ளிக்கூடம் போனதில்லை. புளியங்கொட்டையில் எண்ணிப் பழகி, சிலேட்டுக்கு வந்து, இப்போது நோட்டில் வீட்டுக் கணக்கு எழுதுகிறேன். முதலில் பழகிய புத்திதான் இன்றும் உதவுகிறது. இந்த மிஷின் போய் வேறு வந்தாலும் மகளுக்கும் அப்படித்தான்.

3. வீடு இரண்டுபட்டதால், இரண்டு படிப்பையும் சீட்டில் எழுதி மாதா முன் குலுக்கி எடுக்கும் திருவுளச்சீட்டுப் போட்டோம். இரண்டும் நல்லதாயிருந்தால்தான் போடுவது வழக்கம். மிஷின் என்று விழுந்தது. மகள் துள்ளிவிட்டாள். கொழுந்தனார், "தோத்துட்டேன் மதினி. ஆனா விண்ணப்பத்த என் டைப்புலதான் அடிப்பேன்" என்று அவரே அடித்துக் கொடுத்தார். 'தேர்ந்ததற்குக் காரணம்' என்ற இடத்தில், நடந்தது நடந்தபடி, மாதா முன் போட்ட திருவுளச்சீட்டு என்று அடித்தார்.

4. நேற்று நானும் மகளும் விண்ணப்பத்தைக் கொண்டுவந்தபோது, தங்கள் கவுன்ட்டர் எழுத்தர் அதைப் படித்துச் சிரித்தார். "அப்ப சம்பளத்தையும் மாதாகிட்டயே வாங்கிக்கங்கம்மா" என்று, காரணம் செல்லாது எனச் சிவப்புப் பென்சிலால் எழுதி, பெயரை டைப் பட்டியலில் ஏற்றிவிட்டார். நான் விளக்க வாயெடுத்தேன். "வேணும்னா இன்னொரு தரம் சீட்டுப் போட்டுப் பாருங்க" என்று ஜன்னலைச் சாத்தினார்.

5. ஒருமுறை கேட்டுப் பதிலும் பெற்றபின் மாதாவை மறுபடி கேட்பது மரியாதையல்ல. ஆகையால் தங்களைக் கேட்கிறேன். காரணம் வேண்டுமானால் மேலே இரண்டாவதில் எழுதியதை எடுத்துக்கொண்டு, வரும் திங்கட்கிழமை தொடங்கும் மிஷின் வகுப்பில் ஞானசெல்வியைச் சேர்க்க உத்தரவிட வேண்டும். அதற்குள் பதில் எழுதுங்கள்.

ஆவூர்,
17-6-1965.

இப்படிக்கு,
வியாகுலமேரி