பல்லிடுக்கில் ஒரு அத்தி விதை

அக்கா,

இன்று காலை கடையில் புது மூட்டை பிரித்தோம். உலர்ந்த அத்திப்பழத்தின் அந்தப் புழுக்கமான இனிப்பு வாசனை வந்ததும் பக்கத்துப் பலகையைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். ஆனாலும் உன் இருமல் கேட்டது.

ஆரியசாலைச் சந்தையின் இந்த மொத்த வியாபாரக் கடையில் நாரில் கோத்து வரும் அத்தியை உருவிப் பெட்டியில் அடுக்குவதுதான் நம் வேலை. பெட்டிமேல் மலையாளத்தில் இருப்பதை உனக்கு வாசித்துச் சொல்வேன்: இரும்புச்சத்து உண்டு, பாலில் ஊறவைக்கலாம், அல்வா கிண்டலாம், கர்ப்பிணிகளுக்கு நல்லது. நீ வயிற்றைத் தடவிக்கொள்வாய்.

"ஏட்டி, என்னயப் பாத்துத்தான் எழுதியிருக்கான். திங்கத்தான் விடமாட்டேங்கான்."

உனக்கு ரத்தம் குறைவு. ஆஸ்பத்திரியில் அத்தியும் பேரீச்சையும் சாப்பிடச் சொன்னார்கள். நாள் முழுக்க அத்தியில் கைவைத்திருப்பவளிடம் சொன்னார்கள்.

சாயங்காலம் சூப்பர்வைசர் வாசலில் டார்ச்சோடு நிற்பார். "சேச்சி, வாய் துறக்கு." எதையாவது தின்றிருக்கிறோமா என்று பார்க்க வாயைத் திறந்து காட்டவேண்டும். முந்திரி தின்றால் கொப்பளித்துவிடலாம். அத்தி விதை பல்லிடுக்கை விட்டுப் போகாது. விதை தெரிந்தால் மறுநாள் வேலை இல்லை.

அதனால் நீ மெல்லவே இல்லை. தண்ணீர்ச் செம்புக்குள் ஒரு பழத்தைப் போட்டு, ஊறியதும் மாத்திரைபோல விழுங்குவாய். கண்ணில் நீர் முட்டும். "சத்து வயித்துக்குத்தான, பல்லுக்கா?" என்பாய். ஒருநாள் கேட்டாய்: "இதோட ருசி எப்டிட்டி இருக்கும்?" நானும் தின்றதில்லை என்றேன். இருவரும் சிரித்தோம்.

எப்போதாவது திருட்டுத்தனமாக விழுங்கிய ஒரு பழம் எந்த ரத்தத்தை ஊறவைக்கும்? பிரசவத்தின் ரத்தப்போக்கை உன் உடம்பு தாங்கவில்லை. குழந்தை பிழைத்தது. பதினாறாம் நாள் முதலாளி ஒரு பெட்டி அத்தி கொடுத்தனுப்பினார், ரிப்பன் கட்டி. உன் வீட்டுக்காரர் அதைத் திறக்கவே இல்லை. உயிரோடு இருந்தவளுக்கு டார்ச். செத்தவளுக்கு ரிப்பன்.

இன்று ஒரு பழத்தை எல்லோரும் பார்க்க எடுத்து நிதானமாக மென்றேன். சாயங்காலம் சூப்பர்வைசர் கேட்கும் முன்பே போய் வாயைத் திறந்து நின்றேன்.

"எந்தா இது? நாளையிலருந்து வரண்டாம், கேட்டியா?"

"கேட்டேன். நல்லா வெளிச்சம் அடிச்சுப் பாருங்க" என்றேன்.

இப்போது பஸ்ஸில் வருகிறேன். நாளை என்ன செய்வேன் என்று தெரியவில்லை. ஒரு விதை மட்டும் இன்னும் பல்லிடுக்கில் இருக்கிறது. நாக்கு அங்கேயே போகிறது.

முதலில் மணல்போல நறநறக்கிறது, அக்கா. பிறகுதான் இனிக்கிறது.