பிணை கேட்ட வேந்தருக்குச் சங்கத்துறை ஓலை

அண்ணனிடம் மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமே இல்லையே, என்று வேல்நங்கை எண்ணினாள். சிறு வயதில் அவர் கை நீட்டினால் தன் பங்குக் கற்கண்டையும் எடுத்துக் கொடுத்துவிடுவாள். இப்போது கை நீட்டியிருப்பவர் வேந்தர். கேட்டிருப்பது மூன்று பிள்ளைகளை.

தேர்த் திருநாளில் இசுலாமியரான சோனகர்கள் கோயில் குருக்களை வழிமறித்தார்கள் என்று ஒற்றன் ஒருவன் தலைநகரில் சொல்லிவிட்டான். உடனே கட்டளை வந்தது. சைவர், சமணர், சோனகர் என்ற மூன்று கூட்டத்தின் தலைவர்களும் ஆளுக்கொரு மகனைப் பிணையாக அனுப்ப வேண்டும். ஊரில் கலகம் மூண்டால் அந்தப் பிள்ளைகள் கோட்டையிலிருந்து உயிரோடு மீளமாட்டார்கள். துறையை ஆளும் வேல்நங்கை இலச்சினையிட்டு ஒப்புதல் ஓலை தரவேண்டும். பிள்ளைகளை ஏற்றிச் செல்ல அரசப் படகு கரையில் காத்திருந்தது.

‘கட்டளைப்படியே’ என்று காலையிலேயே பாதி ஓலை எழுதச் செய்துவிட்டாள். அதைச் சொன்னதும் மனத்தில் ஒரு நிம்மதி பரவியதே, அதுதான் இப்போது அவளை உறுத்தியது. பிறர் பிள்ளைகளைக் கொடுத்து நல்ல தங்கை என்று பேர் வாங்குவதில் இத்தனை நிம்மதியா?

அந்த நேரத்தில்தான் தலைவர்கள் மூவரும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

“நயினார் வீட்டுப் பிள்ளை வேணாம் தாயே,” என்றார் சோனகர் தலைவர் அசன் மரக்கலராயர். “சமணப் பிள்ளை, பொழுது சாஞ்சா அதுக்குச் சோறு இறங்காது. கோட்டையில விளக்கு வெச்ச பொறவுதான் அடுப்பே மூட்டுவாங்க. அதுக்குப் பதிலா என் மகனுங்க ரெண்டு பேரையும் அனுப்புறேன்.”

“நீர் சும்மா இரும்,” என்றார் சமண வணிகர் நேமி நயினார். “உம்ம பசங்க கடல்ல வளர்ந்தவனுங்க. நாலு சுவத்துக்குள்ள அடைச்சா கோட்டையையே மிதக்க விட்டுடுவானுங்க.”

சைவர் தலைவர் ஈசான குருக்கள் மரக்கலராயரை நோக்கிக் கையை நீட்டினார். “எல்லாம் இவரால வந்தது! தேருக்கு முன்னால என்னையே நிறுத்தினாரே!”

“கையில நீல நூல் இல்லாம ராசாவே வந்தாலும் நிறுத்தும்னு சொன்னது யாரு ஓய்? நீர்தானே?”

“குளிக்கறச்சே கழட்டி வெச்சேன், மறந்துட்டேன். ஆரத்தித் தட்டைத் தூக்கிண்டு ஓடி வரேன், ‘நூல் எங்கே’ங்கறார்! தினம் என் வாசல்ல நின்னு ஊர்க்கதை பேசற மனுஷர்!”

“கதை வேற, காவல் வேற.”

நயினார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். குருக்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வேல்நங்கை சிரித்தபடியே உள்ளுக்குள் ஒன்றைக் கண்டுகொண்டாள். இவர்கள் மூவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு அச்சமில்லை. அச்சமெல்லாம் எனக்குத்தான், அதுவும் அண்ணனின் முகம் வாடுமே என்று.

“சாத்தா,” என்று எழுத்தரை அழைத்தாள். “அந்த ஓலை வேண்டாம். புதிதாக ஒன்று எடு.”

அவள் சொல்லச் சொல்லச் சாத்தன் எழுதினான்:

நலம் பெருகுக. அலை ஓயினும் அறம் ஓயாத குடியில் தோன்றி, அரிமாபுரத்து அரியணையில் வீற்றிருந்து, குடிகள் உறங்கத் தாம் விழித்திருக்கும் கோ அரிமாறர் திருவடிகளுக்கு, அவர்தம் தங்கை, சங்கத்துறை காக்கும் வேல்நங்கை விடுக்கும் ஓலை. தங்கள் வயல்கள் விளைக. தங்கள் குதிரைகள் நோயின்றி வாழ்க. இவ்வோலை தங்கள் செவி சேரும் பொழுது சினமற்ற பொழுதாக அமைக.

தேரன்று சோனகர் குருக்களை நிறுத்தியது மெய்யே. முன்பு இவ்வூரில் ஊர்வலந்தோறும் கைகலப்பு மூண்டதால், ஒரு சமயத்தார் விழாவுக்கு மற்றைச் சமயத்தாரே காவல் நிற்பது என மூவரும் கூடி முடிவு செய்தனர். தேர்வடத்தருகே சோனகர் நிற்பர். சோனகரின் சந்தனக்குடம் வருகையில் சைவர் முன்சென்று வழி விலக்குவர். சமணர் அருகன் திருவுருவை மௌனமாய் எடுத்துச் செல்லும் நாளில் ஏனையோர் தம் முழவுகளைத் துணியால் மூடி வைப்பர். காவலர் கட்டிவிடும் நீல நூல் இல்லாதார் எவரும் ஊர்வலத்தை அணுகலாகாது. இவ்விதியை வகுத்த குருக்களே நூலை மறந்து வந்தார், காவல் நின்ற மரக்கலராயர் நண்பரென்றும் பாராது நிறுத்தினார், நயினார் தம் கை நூலை அவிழ்த்துக் குருக்களுக்குக் கட்டினார், தேர் நகர்ந்தது, ஊர் சிரித்தது. ஒற்றர் நிறுத்தியது வரை கண்டார், நகர்ந்ததைக் காண நிற்கவில்லை.

பிணை என்பது நம்பிக்கை இல்லாத இடத்தில் கேட்பது. இவர்களோ தம் தேரையும் குடத்தையும் திருவுருவையும் ஒருவர் கையில் ஒருவர் ஒப்படைத்து வாழ்கின்றனர். பிள்ளைகளைக் கோட்டையில் வைத்தால், நாளை சந்தையில் இருவர் சச்சரவிட்டாலும், இவனால் என் மகன் மாள்வானோ என்று ஒவ்வொரு தந்தையும் அண்டை வீட்டானை அஞ்சி நோக்குவான். அந்நோக்கை இவ்வூருக்குள் வரவிட நங்கை உடன்படாள்.

இத்துறையின் ஆட்சி தாங்கள் அளித்தது. மீளக் கேட்பின் முகம் கோணாது தருவாள். தங்கள்பால் அவள் கொண்ட அன்பு எவரும் அளித்ததன்று. அஃது எஞ்ஞான்றும் தங்களுடையதே.

அரசப் படகின் துடுப்பு வலிப்போர் வயிறார உண்டு, காற்றுக்கேற்பப் புறப்படுக. படகில் இவ்வோலை மட்டும் ஏறுக. பிள்ளைகள் மூவரும் கரையில் நிற்பர். கடல் உள்ளளவும் தங்கள் குடி வாழ்க என வாழ்த்தி, இவ்வோலைக்குச் சங்கு இலச்சினை இட்டாள் வேல்நங்கை. ஒப்புதல் ஓலைக்கு இடவில்லை.