வேப்பமரக் குழாயில் சைரன்

2006 ஆகஸ்ட் 7
பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவனுக்கு ஃபேன் காற்றில் வேலை. நாரணாபுரம் பட்டாசு கம்பெனி ஆபீஸில் லேபிள் டைப் அடிக்கிறேன். அம்மா எதிர் ஷெட்டில் வெடி பெட்டி கட்டுகிறாள். இன்று கம்ப்யூட்டர் ஒயரை இழுத்து, வேப்பமரத்துக் குழாய் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டேன். பாட்டுக்கு ஷெட்டில் எல்லார் கையும் வேகமாக ஓடுகிறதாம். மேனேஜர் சங்கரலிங்கம் அண்ணாச்சிக்கு ஒரே குஷி.

ஆகஸ்ட் 10
தமிழ் டைப் சாஃப்ட்வேரைத் திறந்தேன். ஆன்டிவைரஸ் அதை வைரஸ்னு நெனச்சு சைரன் ஊதிருச்சு. குழாய் வழியா ஊருக்கே கேட்டது. இங்கே சத்தம் வந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. ஓடினார்கள். அம்மாவோடு பெட்டி கட்டும் செல்வலட்சுமி அக்கா வேலி முள்ளில் விழுந்தாள். அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் வெறுங்காலோடு நின்றாள். செருப்பு ஷெட்டு வாசலிலேயே கிடந்தது. ஊதியது கம்ப்யூட்டர் என்றதும் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகஸ்ட் 12
மறுபடியும் ஊதியது. சிவகாசியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சாபிர் பாய்க்குப் போன் போட்டேன். "வைரஸெல்லாம் இல்லப்பா. நீ எந்தக் கட்டையை அமுக்குறன்னு ஒன் தமிழ் சாஃப்ட்வேர் பாக்குதுல்ல, அதத் திருடன்னு நெனைக்குது." ஆன்டிவைரஸை நிறுத்தும் பாஸ்வேர்ட் அவரிடம். நேரில் வந்து சரிசெய்வாராம். அதுவரை குழாயைக் கழற்றவா என்றால் அண்ணாச்சி விடவில்லை. தீபாவளி சீசன், பாட்டு ஓடணுமாம்.

ஆகஸ்ட் 16
இன்றும் ஊதியது, பாதிப் பேர் இடத்தைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. கம்ப்யூட்டருக்குக் காய்ச்சலாம். கேலி.

ஆகஸ்ட் 17
இன்னிக்கும் ஊதுச்சு, யாரும் ஓடல. அம்மா தலையக்கூடத் தூக்கல. ஓடாம இருக்க நானே பழக்கிட்டேனா?

ஆகஸ்ட் 18
குழாய்க்குப் போகும் ஒயரை அறுத்துவிட்டேன். அண்ணாச்சி திட்டட்டும்.

ஆகஸ்ட் 19
பக்கத்துக் கம்பெனியில் நிஜ சைரன். மதில் மேலே புகை. ஓடிப் போனால், ஒயரை அறுத்தது தெரியாமல் ஷெட்டில் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். அம்மா நிமிராமலே, "ஏலே, ஒன் பொட்டி கத்துதுலே. போயி அமத்து" என்றாள். கையப் புடிச்சு இழுத்தேன். அப்புறம்தான் புகையைப் பார்த்தாள். எல்லாரும் ஓடினோம்.
தீ இந்தப் பக்கம் வரவில்லை. அங்கேயும் உயிர்ச்சேதம் இல்லை. காத்து இந்தப் பக்கம் அடிச்சிருந்தா?

ஆகஸ்ட் 21
சாபிர் பாய் வந்து சரிசெய்தார். இனிமேல் ஊதாது. கம்ப்யூட்டர் சரி. அவுக காதுக்குள்ள ஏத்துனத யாரு எடுக்க?

ஆகஸ்ட் 25
பாட்டில்லாத ஷெட்டு. புகையில்லை, ஒன்றுமில்லை. வாசலில் நின்று ஓடுங்க என்று கத்தினேன். எல்லாரும் ஓடினார்கள். அம்மாதான் முதல் ஆள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னை நாறத் திட்டினாள். செருப்பு ஷெட்டு வாசலிலேயே கிடந்தது.