இசக்கித்தாய் சொன்னதும் நான் அடித்ததும்

தூத்துக்குடி
12-8-1974

அன்பு அண்ணன் கிளாட்வினுக்கு,

தங்கை ஹில்டா எழுதுவது. மாதா தயவில் அம்மாவும் நானும் சுகம். உன் கப்பல் பம்பாயில் எத்தனை நாள் நிற்கும் என்று எழுது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நீ அனுப்பிய சேலையைத் திருவிழாவுக்குக் கட்டினாள்.

என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பிறர் சொல்லி நீ அறியும் முன் நானே எழுதுகிறேன்.

போன மாதம் எங்கள் கம்பெனி கப்பலில் உப்பு ஏற்றும்போது கயிறு அறுந்து, மூட்டைகள் விழுந்து பேச்சிமுத்து என்ற கூலியாள் இறந்துபோனார். விசாரிக்க வந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. பேச்சிமுத்துவின் மனைவி இசக்கித்தாய்க்கு வேறு பாஷை தெரியாது. நடுவில் நின்று சொன்னவர் எங்கள் மானேஜர் ஆவுடையப்பன். நான் டைப் அடித்தேன்.

"கயிறு நைஞ்சு போச்சுன்னு முந்தின நாளே அவிய சொன்னாவ. இஷ்டமிருந்தா நில்லு, இல்லன்னா வீட்டுக்குப் போன்னு இவருதான் ஏசுனாரு" என்று அவள் மானேஜர் முகத்தைப் பார்த்தே சொன்னாள். அவர் உதட்டோரத்து வெற்றிலைச் சாற்றைத் துடைத்துக்கொண்டே, புருஷன் குடித்திருந்ததாக இவளே ஒப்புக்கொள்கிறாள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். இவ்வளவு நேரம் பேசினாளே என்று அதிகாரி கேட்டதற்கு, மீதியெல்லாம் அழுகை என்றார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நானும் அப்படியே அடித்தேன், அண்ணா. ஒரு பிழை இல்லாமல். அவள் கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றியதும் நான்தான். "சொன்னதெல்லாம் எழுதிட்டியா தாயி?" என்று கேட்டாள். தலையாட்டினேன். "நல்லாயிருப்ப" என்றாள்.

மானேஜரை நினைத்தாலும் வெறுப்பாக இருக்கிறது, என்னை நினைத்தாலும் வெறுப்பாக இருக்கிறது.

மூன்றாம் நாள் அந்தத் தாளின் நகலோடு அவள் குடிசைக்குப் போய்த் தமிழில் வாசித்துக் காட்டினேன். "அவிய குடிச்சதே இல்லியே" என்றாள். தாளைக் கையில் வாங்கிப் பார்த்து, "இத அடிச்சது நீதான?" என்றாள். பிறகு தாயி என்று கூப்பிடவில்லை.

அங்கேயே உட்கார்ந்து அவள் சொன்னதைச் சொல் மாறாமல் எழுதி, ஆங்கிலத்திலும் எழுதி, முதல் தாள் பொய் என்று நான் கையெழுத்துப் போட்டு அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மறுவிசாரணை வைத்திருக்கிறார்கள். அது தெரிந்ததும்தான் மானேஜர் என்னை வெளியே அனுப்பினார். "பொட்டப்புள்ளைக்கு இங்கிலீஷ் படிச்ச திமிரு" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்.

உன் கப்பல் வேலைக்குச் சிபாரிசு செய்தவர் அவர்தான் என்பதை நான் மறக்கவில்லை. என்னை அடக்கச் சொல்லி உனக்கு எழுதுவார். நீ என்ன பதில் போடுவாய் என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

செப்டம்பர் பத்தாம் தேதி விசாரணை. இசக்கித்தாய் பேசுவதை இந்தமுறை நான்தான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். விசாரணை ஆபீசில் அவளே கேட்டிருக்கிறாள். "எனக்கு வேற யாரத் தெரியும்?" என்றாளாம்.

மாதா உன்னைக் கடலில் காக்கட்டும். அன்று காலை எனக்காக மாதாவிடம் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லு, அண்ணா. இசக்கித்தாய் என் பக்கத்தில் நிற்பாள்.

உன் தங்கை,
ஹில்டா