கோட்டுக்கு அப்பால்

ஜனவரி 20, செவ்வாய்

நல்லூர் ரியூசனில் வரலாறு எடுக்கச் சொல்லிவிட்டார்கள். முதற் பாடம் கரீபியன் கடற்கொள்ளை. பிள்ளைகள் முன் எனக்குக் குரல் எழும்பாது. குசினியில் அடுப்படிச் சுவரைப் பார்த்துச் சொல்லிப் பழகினேன்: இங்கிலாந்து அரசர் அனுமதிப் பத்திரம் கொடுத்தால், ஸ்பானியக் கப்பலைக் கொள்ளையடிப்பவன் தளபதி. பத்திரம் இல்லாவிட்டால் கொள்ளைக்காரன்.

வெளியே வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த அப்பா சிரித்தார். “கடுதாசி இருந்தால் களவில்லையோ பிள்ளை?” பிறகு, “உவையள் வரமுதல் அங்கை மீன் பிடிச்ச சனத்துக்கு என்னவாச்சுது?”

என் குறிப்பில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜனவரி 22, வியாழன்

குரல் எழும்பவில்லை. “ரீச்சர், கேக்கேல்லை” — பின் வாங்கில் இருந்த பிள்ளை ஒன்று. ஐரோப்பாவில் செய்த சமாதானம் கடலில் ஒரு கோட்டுக்கு அப்பால் செல்லாது என்று வாசித்தேன். துஷாந்தினி என்ற பிள்ளை, “எங்கடை கடல் எல்லைக்கோடு மாதிரியோ ரீச்சர்?” என்றாள். அது சோதனைத்தாளில் வராது என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

ஜனவரி 24, சனி

சனிக்கிழமை அக்கரைத் தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் இந்தப் பக்கம் வரும் நாள். எங்கள் மயிலிட்டியில் அன்று யாரும் வலை விடுவதில்லை. நேற்றுப் பின்னேரம் போனில் பார்த்தேன், அக்கரையில் மீனவர் வேலைநிறுத்தமாம். “நாளைக்கு வரமாட்டினம் அப்பா, போங்கோ.” வீட்டில் முதலில் பட்டம் எடுத்தவள் சொல்கிறாள் என்று போனார்.

அது போன கிழமைச் செய்தி. வேலைநிறுத்தம் எப்போதோ முடிந்துவிட்டது. வரலாறு படித்தவள் திகதி பார்க்கவில்லை.

காலையில் வெறும் படகோடு வந்தார். வலை முழுவதும் இழுவைப் படகில் சிக்கி அறுந்து போய்விட்டது. “அந்தப் படகிலை நிண்ட ஒரு பெடியன் கூப்பிட்டுச் சொன்னவன், ‘அண்ணே, ஒதுங்கிக்கங்க, மோதிடும்’ எண்டு. மரியாதையாத்தான் சொன்னவன்.” கால் மணலைத் தட்டியபடி, “அவங்களும் கூலிதானே. முதலாளி கரையிலை.”

ஜனவரி 25, ஞாயிறு

திகதி பாத்தனியோ எண்டு அப்பா கேக்கவேயில்லை. ஒருக்கா ஏசியிருக்கலாம்.

பெப்ரவரி 5, வியாழன்

அப்பாவின் கேள்விக்கு நூலகத்தில் பதில் கிடைத்தது. அந்தக் கரீபியன் தீவுச் சனத்தில் பலரை ஸ்பானியர் பிடித்துக்கொண்டுபோய்த் தங்கம் தோண்ட விட்டிருக்கிறார்கள். வேலையிலும் நோயிலும் பெரும்பகுதி செத்துப்போனது. வகுப்பில் குறிப்பைப் பார்க்காமல் அதைச் சொன்னேன். பின் வாங்கும் எழுதியது.

வலை போனபிறகு அப்பா இணுவிலில் ஒரு வீடு கட்டுமிடத்துக்குக் கூலிக்குப் போகிறார். கடற்கரை வீதியால் போவதில்லை, உள் ஒழுங்கையால்தான் சைக்கிள். பின்னேரம் கையில் காய்ந்த சீமெந்தைத் தேய்த்துக் கழுவியபடி கேட்டார்:

“அந்தச் சனத்துக்கு என்னவாச்சுதாம் பிள்ளை?”

“இன்னும் பாக்கேல்லை அப்பா.”